பழைய இரும்பும் புதிய ஆயுதமும்

எங்கள் பக்கத்துத் தச்சர்கள் வேலைக்குப் புறப்படும்போது, "ஆயுதப் பையை எடுங்க தம்பி" என்றுதான் உதவிக்கு வரும் பையனிடம் சொல்வார்கள். உளி, சீவுளி, சுத்தியல், குறடு எல்லாமே அவர்களுக்கு ஆயுதம்தான். மரம் அரிவதற்கு வைத்திருப்பதற்குப் பெயர் வாள். கருவி என்றும் படைக்கலம் என்றும் இரண்டு பொருளைத் தமிழ் 'ஆயுதம்' என்ற ஒரே சொல்லுக்குள் வைத்திருந்தது. யுத்த காலம் அதில் இரண்டாவது பொருளை மட்டும் மிச்சம் விட்டது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, வீடு வீடாகச் சோதனை நடந்த வாரங்களில் அந்த மிச்சப் பொருளும் எங்கள் சமூகத்தின் கழுத்தைப் பிடித்தது. தேங்காய்க் கத்தி, கோடரி, பழைய கைவாள் என்று பரம்பரையாக வந்த எத்தனையோ சாமான்கள் எங்கள் ஊரில் இரவோடிரவாக வாய்க்காலில் போனதை நான் அறிவேன். அவற்றில் ஒன்றும் யாரையும் வெட்டியதில்லை. கையில் இரும்பு இருந்தால் கேள்வி வரும் என்ற பயம்தான் காரணம்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லின் முதல் பொருளைப் பற்றியது. கழித்துப் போட்ட இரும்பிலிருந்தும் அலுமினியத்திலிருந்தும் ஒருவர் தன் பட்டறைக்கு வேண்டிய ஆயுதங்களைத் தானே எப்படிச் செய்துகொள்ளலாம், அது எந்த அறிவின் மேல் நிற்கிறது என்பதை என்னால் முடிந்தளவு விளக்கப் பார்க்கிறேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆனாலும் உலைக்களமும் லேத்தும் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. பாடசாலை விட்டபின் என் பின்னேரங்களில் பாதி அங்கேதான் போயிருக்கிறது.

முதல் லேத்தைச் செய்தது யார்?

என்னிடம் படித்த ஒருவன் இப்போது லேத் பட்டறையொன்றில் வேலை செய்கிறான். நெல் ஆலைகளின் தண்டுகள், லேண்ட்மாஸ்டரின் தேய்ந்த பாகங்கள் என்று நாள் முழுக்கக் கடைசல் வேலை. சொந்தமாக ஒரு லேத் வைக்க வேண்டும் என்பது அவனுடைய கனவு. 2022ஆம் ஆண்டின் டொலர் நெருக்கடிக்குப் பிறகு விலை விசாரிப்பதையே விட்டுவிட்டான். ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சேர், லேத்துட சாமானெல்லாம் லேத்துலதான் கடையிற. அப்ப முதல் லேத்த ஆரு, எதுல கடைஞ்ச?"

நல்ல கேள்வி. தமிழில் 'கடைதல்' என்றால் மத்தால் தயிர் கடைவதும் மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டுச் சீவுவதும்தான். இரண்டிலும் ஒரு பொருள் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. கயிறு இழுக்கிற கைதான் சுழற்றுகிறது. ஆதிக் கடைசல் பொறிகள் அப்படிக் கயிறு சுற்றி இழுக்கப்பட்டவையே. அந்தக் கரடுமுரடான பொறியிலிருந்து ஒரு முடியின் பருமனில் ஒரு பங்கை அளந்து சீவும் இன்றைய லேத் எப்படி வந்தது?

பலர் நினைப்பது, நுட்பமான கருவியைச் செய்ய அதைவிட நுட்பமான இன்னொரு கருவி வேண்டும் என்று. அது உண்மையானால் உலகில் லேத் என்ற ஒன்றே பிறந்திருக்காது. உண்மை வேறு. கரடான கருவி, நிதானமான கை, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்தால், கையிலிருக்கும் கருவியை விட நுட்பமான ஒன்றைப் பெற முடியும். அந்தப் புதியதை வைத்து இன்னும் நுட்பமான ஒன்று. பழைய இரும்பில் ஆயுதம் செய்வது என்பது இந்தப் படிகளில் முதலிலிருந்து ஏறுவதுதான்.

பழைய இரும்புக் கடையை வாசித்தல்

தமிழ்நாட்டில் பழைய சாமான் கடைக்குக் 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அந்த வியாபாரத்தில் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. இலங்கையிலும் இந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கழற்றிய வாகனப் பாகங்களுக்கென்றே ஒரு பட்டினம் அங்கே இருக்கிறது. வியாபாரி அந்தக் குவியலை நிறையாகப் பார்க்கிறார். ஆயுதம் செய்கிறவர் அதை உருக்கின் வகையாக வாசிக்கப் பழக வேண்டும்.

இரும்போடு சேர்ந்த கரியின் அளவுதான் அந்த வாசிப்பின் அரிச்சுவடி. கட்டடக் கம்பியிலும் ஆங்கிள் இரும்பிலும் கரி குறைவு. அவற்றைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் வெட்டு வாய்க்குப் போதிய கடினம் ஏறாது. சட்டகம் செய்ய நல்லவை. உளி செய்ய உதவா. லொறியின் வில்லுத் தகட்டில் ஏறக்குறைய 0.6 வீதம் கரி உண்டு. கத்தி, உளி, மண்வெட்டி எல்லாம் அதிலிருந்து வரும். பெயாரிங் உருண்டைகளிலும் வளையங்களிலும் சுமார் 1 வீதம். பழைய அரத்தில் அதைவிடவும் கொஞ்சம் கூட இருக்கும். பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. கரி 3 வீதத்துக்கு மேல், ஆகவே அடித்தால் நீளாது, உடையும்.

பெயர்ப்பலகை இல்லாத துண்டை எப்படி அறிவது? கிரைண்டரில் இலேசாக வைத்துப் பொறியைப் பார்க்க வேண்டும். கரி குறைந்த இரும்பு நீளமான நேர்க்கோடுகளாகப் பொறி விடும். கரி கூடிய உருக்கின் பொறி மத்தாப்புப் பூவைப்போல நுனியில் வெடித்துக் கிளைக்கும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பு, குட்டை. தெரிந்த துண்டொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

வேறு புதையல்களும் உண்டு. பழுதான அச்சுப்பொறிக்குள்ளும் போட்டோ பிரதி இயந்திரத்துக்குள்ளும் இருக்கும் வழவழப்பான உருளைத் தண்டுகள் மிக நேரானவை. நகரும் பாகங்களுக்கு வழிகாட்டியாகப் பயன்படும். லொறியின் அச்சுத்தண்டு, லேத்தின் சுழல்தண்டாகும் தகுதி உடையது. உடைந்த பெரிய துளைக்கும் அலகுகள் உயர்வேக உருக்கு. மங்கிய சிவப்பு வரை சூடேறினாலும் கூர் மழுங்காது. அவற்றை அரைத்து லேத்தின் வெட்டுப்பல் ஆக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரயில் தண்டவாளத் துண்டு அருமையான பட்டடையாகும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பொதுச்சொத்து. மின்கம்பி, வடிகான் மூடி, பாலத்துக் கம்பி என்று கடைக்கு வருகிற எதற்கும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உண்டு. மூலம் தெரியாத சாமானை மலிவு என்று வாங்கினால் அந்த ஆயுதத்தில் செய்யும் உழைப்பின் ஹலாலும் சந்தேகத்துக்குள்ளாகும். பட்டடைக்கு ஒரு பழைய லொறி அச்சின் தடித்த முனையை நிலத்தில் நாட்டினாலும் போதும்.

முதல் ஆயுதங்கள்

எங்கள் ஊருக்கு மண்வெட்டியும் தாக்கத்தியும் கோடரியும் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கொல்லர்களிடமிருந்துதான் வந்தன. வாப்பாவோடு சைக்கிளில் போய் உலைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த தலைமுறை நான். யுத்தம் அந்தப் பாதையை இடையில் அறுத்தது. இப்போது மீண்டும் போய்வருகிறேன். அங்கே மிஞ்சியிருக்கும் ஒரு முதிய ஆசாரியாரிடம்தான் இந்தப் பகுதியில் எழுதுவதைக் கேட்டும் பார்த்தும் அறிந்தேன்.

உலைக்குப் பெரிய செலவில்லை. லொறியின் பிரேக் டிரம்மைக் கவிழ்க்காமல் வைத்து, நடுத்துளையில் ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தி, துளைத்தட்டு ஒன்றால் மூடி, குழாய் வழியே காற்றை ஊதினால் அதுதான் உலை. துருத்திக்குப் பதில் சிறிய மின்விசிறி ஊதி போதும். எரிபொருளுக்கு நம் நாட்டின் சிரட்டைக்கரியை விட என்ன வேண்டும்? புகை குறைவு, சூடு அதிகம். நாகம் பூசிய குழாயை மட்டும் உலைக்குள் வைக்கக் கூடாது. அந்த வெள்ளைப் புகை காய்ச்சலையும் மூச்சு முட்டலையும் தரும். வாயு அடைத்த அதிர்வுதாங்கி போன்ற மூடிய பாகங்களையும் நெருப்பில் போடலாகாது, வெடிக்கும்.

வில்லுத் தகட்டில் ஒரு துண்டை வெட்டிச் சிவக்கக் காய்ச்சி, அடித்து உளியின் வடிவுக்குக் கொண்டுவந்த பின் இரண்டு வேலை மிச்சம். முதலாவது, கடினமாக்குதல். உருக்கு ஒரு குறித்த வெப்பத்தைத் தாண்டும்போது காந்தத்தை விட்டுவிடும். அது சுமார் 770 பாகை செல்சியஸ். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே காய்ச்சி, இளஞ்சூடான தாவர எண்ணெயில் தோய்த்தால் வாய்ப்பகுதி அரம் வழுக்கும் அளவுக்குக் கடினமாகும். ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். ஆகவே இரண்டாவது வேலை, பதம் இறக்குதல். வாயைத் தேய்த்து மினுக்கி, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றினால் மினுக்கிய பரப்பில் நிறங்கள் நகர்ந்து வரும். வைக்கோல் நிறம் சுமார் 220 முதல் 230 பாகை, பழுப்பு 255 அளவில், ஊதா 280, நீலம் 300. சுரண்டிக்கும் வெட்டுப்பல்லுக்கும் வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும்; சுத்தியல் அடி வாங்கும் உளிக்கு ஊதாவில்; வில்லாக வளைய வேண்டியதற்கு நீலத்தில். நிறுத்துவது என்றால் உடனே தண்ணீரில் தோய்ப்பது.

"நிறம் ஓடி வரும் மாஸ்டர். வாற வரைக்கும் காத்திருக்கோணும், வந்தாப் பிறகு காத்திருக்கப்படாது" என்றார் ஆசாரியார். வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணே வெப்பமானியாக இருந்ததன் பாடம் அது.

அடுத்து, தேய்ந்த தட்டை அரம். அதன் நுனிப் பற்களைக் கிரைண்டரில் நீக்கி, நுனியைச் சற்று வளைந்த கூராக்கினால் சுரண்டி கிடைக்கும். இதைச் செய்யும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக் குளிர வைக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் கூர் நில்லாது. பார்வைக்கு ஒன்றுமில்லாத இந்தச் சுரண்டிதான் இனி வரும் எல்லா நுட்பத்துக்கும் திறவுகோல்.

மூன்று தகடுகள்

லேத்துக்கு வேண்டிய முதல் பொருள் தட்டையான ஒரு பரப்பு. தட்டை என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது? இன்னொரு தட்டையான பரப்பை வைத்து என்றால், மீண்டும் கோழியும் முட்டையும்.

இதற்கு விடை மூன்று தகடுகள். அவற்றை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். அ மீது மெல்லிய மையைப் பூசி ஆ மீது வைத்துத் தேய்த்தால், ஆவின் மேடான இடங்களில் மை ஒட்டும். அந்த இடங்களைச் சுரண்டியால் கொஞ்சம் சீவ வேண்டும். மீண்டும் மை, மீண்டும் சீவல். இரண்டும் முழுக்கப் பொருந்தும் வரை இதுதான் வேலை. ஆனால் பொருந்திவிட்டதாலேயே தட்டையாகிவிட்டதாகச் சொல்ல முடியாது. அ நடுவில் புடைத்தும் ஆ நடுவில் குழிந்தும் இருந்தாலும் இரண்டும் அழகாகப் பொருந்தும், உள்ளங்கையும் முழங்காலும் போல. இப்போது இயையும் அவுக்குப் பொருத்துங்கள். அ புடைத்திருந்தால் ஆவும் இயும் இரண்டுமே குழிந்திருக்கும். ஆவையும் இயையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உண்மை வெளியே வந்துவிடும்: ஓரங்கள் தொடும், நடு தொடாது. பிழையும் இரட்டிப்பாகத் தெரியும். அந்த ஓரங்களை இரண்டிலும் பாதி பாதியாகச் சீவி, மறுபடி சுற்றை ஆரம்பிக்க வேண்டும். தகடுகளை இடையிடையே 90 பாகை திருப்பிப் பார்த்தால் முறுக்கும் பிடிபடும். மூன்றும் எந்தச் சோடியாக வைத்தாலும் பொருந்துகிற ஒரேயொரு வடிவம்தான் உண்டு. அது தட்டை.

முறையை உலகறியச் செய்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த். தகடுகளை ஒன்றோடொன்று அரைப்பதை விடச் சுரண்டுவதே சரியான வழி என்று 1840இல் அவர் வாதிட்டார். அவர் வேலை பழகிய இடங்களில் ஒன்று ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறை. 1800ஆம் ஆண்டையொட்டி, திருகாணி வெட்டும் உலோக லேத்தைச் செம்மைப்படுத்தியவர் மோட்ஸ்லி.

ஒன்றை மற்றொன்றின் மேல் உரசிப் பொருத்தும் எண்ணம் அதைவிடப் பழையது. தியார்பக்கிரில் ஆர்துக்கிய மன்னர்களிடம் பணிபுரிந்த அல்-ஜஸரீ 1206இல் எழுதி முடித்த பொறியியல் நூலில், தண்ணீர் கசியாத அடைப்பானைச் செய்ய அதன் மூடியையும் இருக்கையையும் குருந்தப் பொடியிட்டு ஒன்றோடொன்று அரைக்கும் முறை இருக்கிறது. 'குருந்தம்' தமிழ்ச்சொல். ஆங்கிலம் அந்தக் கனிமத்துக்கு வைத்திருக்கும் கொரண்டம் என்ற பெயர் அதிலிருந்து போனதுதான். பேருவளை வியாபாரிகள் கையில் மின்னும் நீலக்கல்லும் வேதியியல் கணக்கில் அதே குருந்தமே.

வீட்டில் செய்கிறவருக்குக் குறுக்குவழியும் உண்டு. கட்டடத்துக்கு வரும் தடித்த கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. 10 மி.மீ. தடிப்புள்ள ஒரு துண்டைச் சமமான பலகையில் படுக்க வைத்தால் சிறிய வேலைகளுக்கு அதுவே ஒப்பீட்டுப் பரப்பு. மைக்கு விளக்குப் புகைக்கரியில் கொஞ்சம் எண்ணெய் கலந்தாலே போதும்.

மணலும் உருகிய உலோகமும்

தட்டைப் பரப்பு கைவந்தால், அடுத்துப் பாகங்களின் வடிவம். பட்டறை இல்லாதவருக்கு வார்ப்பே வழி. அலுமினியம் 660 பாகையில் உருகும். சிரட்டைக்கரி உலையில் எட்டக்கூடிய சூடு அது. எந்த அலுமினியம் என்பது முக்கியம். குளிர்பானத் தகரங்கள் பெரும்பாலும் கசடாகவே போகும். வார்த்துச் செய்யப்பட்ட பாகங்களே மீண்டும் வார்க்க உகந்தவை. மோட்டார் சைக்கிளின் பிஸ்டன், எஞ்சின் மூடி, கியர்ப் பெட்டி போன்றவை. பிஸ்டனில் கலந்திருக்கும் சிலிக்கன், உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓட உதவுகிறது. சில எஞ்சின் பாகங்கள் மக்னீசியம் கலந்தவை. அவை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுவதை விடக் கேடு. அறியாத துண்டில் ஒரு துளி வினாகிரியை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

அச்சு என்பது நுண்மணல், அதில் பத்தில் ஒரு பங்களவு களிமண், கொஞ்சம் ஈரம். கைப்பிடியில் அழுத்தினால் உருண்டு நிற்க வேண்டும். இரண்டாக உடைத்தால் பொலபொலவென்று உதிராமல் சுத்தமாகப் பிரிய வேண்டும். மரத்தில் மாதிரியைச் செதுக்கி, மேல் கீழ் என்று இரண்டு பெட்டிகளில் மணலை அடித்து, பெட்டிகளைப் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டு மூடினால் உள்ளே வெற்றிடம் காத்திருக்கும். ஆறும்போது அலுமினியம் ஏறக்குறைய 1.3 வீதம் சுருங்கும். ஆகவே 300 மி.மீ. பாகத்துக்கு மாதிரி 304 மி.மீ. இருக்க வேண்டும். மேலே சொன்ன அல்-ஜஸரீ, இப்படி மூடிய பெட்டிகளில் ஈரமணலில் வார்ப்பதையும் விவரித்திருக்கிறார். ஆமித் நகரத்து அரண்மனைக் கதவுக்காக அவர் உலோகம் வார்த்ததைப் பற்றிய அத்தியாயம் அது. இல்மையும் பயனுள்ள அமலையும் ஒன்றுசேர்ப்பது என்பது அவருடைய நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. நாம் இல்மு என்றும் அமல் என்றும் மிம்பரில் கேட்கும் சொற்கள், அங்கே உலைக்களத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

வார்ப்பில் உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு: தண்ணீர். ஒரு துளி நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். உருகிய உலோகத்துக்கு அடியில் அது நடந்தால் உலோகம் முகத்துக்கு வரும். ஈரமான கரண்டி, ஈரம் ஊறிய பழைய பாகம், மழையில் நனைந்த சீமெந்துத் தரை எல்லாமே ஆபத்து. ஒவ்வொரு துண்டையும் உலை விளிம்பில் காயவைத்தே உள்ளே போட வேண்டும். ஊற்றுவது காய்ந்த மணல் பரப்பிய இடத்தில். முகமறைப்பு, தோல் கையுறை, மூடிய சப்பாத்து, பருத்தி உடுப்பு. நைலோன் சாரம் உடம்போடு உருகி ஒட்டும். சிறுவர்கள் தனியே இதைத் தொடவே கூடாது.

தன்னைத் தானே கடையும் இயந்திரம்

இந்தப் படிகளையெல்லாம் ஒன்றாகக் கோத்துப் புத்தகங்களாக்கியவர் டேவிட் கிங்கரி என்ற அமெரிக்கர். 1932 முதல் 2004 வரை வாழ்ந்தவர். கழித்த உலோகத்திலிருந்து சொந்தப் பட்டறை என்ற வரிசையில் ஏழு நூல்கள் எழுதினார். முதல் நூல் கரி உலை. இரண்டாவது லேத். பிறகு சீவும் பொறி, மில்லிங் பொறி, துளைக்கும் பொறி, வட்டத்தைப் பங்கிடும் கருவி, தகடு வளைக்கும் பொறி. வரிசையே பாடம்: உலை லேத்தைத் தருகிறது, லேத் மற்றவற்றைச் செய்ய உதவுகிறது.

அவருடைய லேத் சிறியது. 7 அங்குல விட்டமும் 12 அங்குல நீளமும் கொண்ட வேலையைப் பிடிக்கும். வார்த்த அலுமினியப் படுக்கையின் மேல் தட்டையான உருக்குச் சட்டங்களைத் திருகாணியால் இறுக்கி, மை தடவிச் சுரண்டியே நேராக்குகிறார். லேத்தின் நுட்பம் பெரும்பாலும் இரண்டு விடயங்களில் அடங்கும்: படுக்கை நேராக இருக்க வேண்டும், வேலையைச் சுழற்றும் தண்டு படுக்கைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். முதலாவதைச் சுரண்டி தருகிறது. இரண்டாவதற்குத்தான் அழகான தந்திரம். சுழல்தண்டு இருக்கவேண்டிய துளையை வேறோர் இயந்திரத்தில் போடாமல், பாதி கட்டிய அதே லேத்தின் படுக்கையில் வைத்தே கடைகிறார்கள். வெட்டுப்பல் பூட்டிய கோல் சுழல, அதற்கும் துளைக்கும் இடையிலான நகர்ச்சை முழுவதும் அந்தப் படுக்கையின் வழியேதான் நடக்கிறது. படுக்கையின் திசை எதுவோ, துளையின் திசையும் அதுவே. அரைகுறை லேத் தன் தலையைத் தானே கடைந்துகொள்கிறது. என் மாணவனின் கேள்விக்கு இதுதான் விடை.

அளவு எங்கிருந்து வருகிறது? திருகாணியிலிருந்து. 6 மி.மீ. பருமனுள்ள சாதாரண மரைத்தண்டு ஒரு முழுச் சுற்றுக்குச் சரியாக 1 மி.மீ. முன்னேறும். அதன் நுனியில் 50 கோடுகள் பிரித்த வட்டத் தட்டைப் பூட்டினால் ஒரு கோடு 0.02 மி.மீ. ஒரு தலைமயிரின் பருமன் அதைவிட மூன்று நான்கு மடங்கு. கையால் திருப்பும் ஒரு தட்டு, கண்ணுக்குத் தெரியாததை எண்ணிக் காட்டுகிறது. சூரத்துஸ் ஸபஃவில் தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு இரும்பு இளக்கிக் கொடுக்கப்பட்டதைச் சொல்லும் இடத்திலேயே, கவசத்தின் கண்ணிகளை அளவாக அமைக்க வேண்டும் என்ற கட்டளையும் வருகிறது. இரும்பு இளகுவது பாதி வேலைதான். அளவு மற்றப் பாதி.

சுழற்ற ஒரு பழைய தண்ணீர்ப் பம்பின் மோட்டாரோ சலவை இயந்திரத்தின் மோட்டாரோ போதும். இடையில் கப்பியும் வாரும் பூட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கம்பி தொடுப்பதையும் சுழலும் வாருக்கு மூடி போடுவதையும் பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது. சுழலும் இயந்திரத்துக்கு முன்னால் தளர்ந்த சட்டைக்கையும் கையுறையும் ஆகா.

கணக்கும் எல்லையும்

இப்படிச் செய்தால் பணம் மிச்சமா என்று கேட்பார்கள். நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் எப்போதும் மிச்சம் என்று சொல்ல முடியாது. வேலையைப் பிடிக்கும் சக், பெயாரிங், அளவுகோல் போன்றவற்றை வாங்குவதே புத்தி. வீட்டில் வார்த்த அலுமினிய லேத் ஆலையின் பெரிய தண்டைக் கடையாது. ஆழமாக வெட்டினால் அதிரும். மெல்ல மெல்லத்தான் சீவ வேண்டும். வருமானத்துக்கென்று உடனே வேண்டுமானால், தேய்ந்த பழைய லேத்தொன்றை மலிவாக வாங்கி அதன் படுக்கையை மேலே சொன்ன முறையில் சுரண்டிச் சீராக்குவது பல நேரம் கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனமும் மூன்று தகடுகளின் தத்துவம் தெரிந்தவருக்குத்தான் வாய்க்கும்.

இதனால் கிடைப்பது வேறு. இயந்திரத்தை வாங்கியவர் அது பழுதானால் ஆள் தேடுவார். செய்தவருக்கு அதில் எது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியும். க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. நம் பிள்ளைகள் பலர் அதைத் தெரிவு செய்கிறார்கள். உருக்கின் கரி வீதத்தையும் பதம் இறக்கும் வெப்பத்தையும் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். ஆனால் வைக்கோல் நிறம் நகர்ந்து ஊதாவாகும் அந்தச் சில விநாடிகளைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அதைக் காட்டத் தெரிந்த முதியவர்கள் அடுத்த ஊரிலேயே இருக்கிறார்கள், பேச ஆளில்லாமல்.

ஆகவே என்னுடைய யோசனை சிறியது. லேத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். தொழினுட்ப ஆசிரியர் ஒருவரும் கொல்லர் ஒருவரும் பத்து மாணவர்களும் போதும். முதல் தவணையில் ஒரு வில்லுத் தகட்டுத் துண்டிலிருந்து ஆளுக்கொரு உளி, பழைய அரத்திலிருந்து ஆளுக்கொரு சுரண்டி. இரண்டாம் தவணையில் உள்ளங்கையளவு மூன்று இரும்புத் தகடுகள். அவை எந்தச் சோடியிலும் பொருந்தும்வரை மையும் சுரண்டியும். வார்ப்பைப் பெரியவர்களின் கண்பார்வையில் பிறகு பார்க்கலாம். எந்தக் கடையில் எந்தச் சாமான் வாங்கப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து, பட்டறையை ஊரறியத் திறந்த இடத்தில் நடத்த வேண்டும். ஒளித்து வைத்த இரும்புக்குத்தான் பயம் அதிகம். பகலில், பலர் பார்க்க, உளியின் வாயில் நிறம் ஓடுவதைக் காத்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் தவறான கேள்வி கேட்கப்போவதில்லை. கேட்டாலும், கையிலிருப்பது என்ன, எதிலிருந்து வந்தது, எத்தனை பாகையில் நிறுத்தியது என்று அந்தப் பிள்ளையே விளக்கிச் சொல்லும்.